திண்ணை வைஃபை: அடுத்தவர் நெட்டில் உட்காரும்போது கவனிக்க வேண்டியவை

போன தையில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். பந்தியில் இரண்டாவது தடவை ரசம் வந்த நேரத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஆச்சி ஒருவர் பக்கத்து இலையிலிருந்து கேட்டார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குறே? இந்த லாட்ஜு வைஃபையில பேங்கு கணக்கைத் திறந்தா காசு போயிருமாமே, அப்படியா?" ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து, காரைக்குடியில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவருடைய போன் முழுக்க லாட்ஜ் வைஃபையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. "போகாது ஆச்சி, ஆனா..." என்று ஆரம்பித்தேன், பாயசம் வந்துவிட்டது. அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உள்ளூர் சிம் வைத்திருப்பவர்களுக்குப் பொது வைஃபை பெரும்பாலும் தேவையே இல்லை. தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று பேக் போட்டு வைத்திருக்கிறோம், அதில் பாதி பல நாள் வீணாகத்தான் போகிறது. மொபைல் டேட்டாவில் உங்கள் போனுக்கும் டவருக்கும் நடுவே போகிற தகவல் மற்றவர் படிக்க முடியாதபடி மறையாக்கம் ஆகித்தான் போகிறது, பக்கத்து மேஜைக்காரர் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதில் சுலபமாகக் கை வைக்க முடியாது. லேப்டாப்புக்கு நெட் வேண்டுமென்றாலும் உங்கள் போனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம். இதோடு நிறுத்திவிடலாம்தான், ஆனால் நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சங்கதியும் தெரியும். முகப்பில் நாலு புள்ளி காட்டுகிற சிக்னல், சுண்ணாம்புக் காரை பூசிய அந்தத் தடிச் சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் போனால் செத்துவிடும். அந்த மாதிரி வீடுகளில்தான் இன்று பாதி ஹோட்டல்கள் நடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், மதியத்துக்குள் டேட்டாவைத் தீர்த்துவிடும் கல்லூரிப் பிள்ளைகள், சிக்னல் இல்லாத அறையில் மாட்டிக்கொண்டவர்கள், இவர்களுக்கு வேறு வழியில்லை.

சரி, வைஃபை என்றால் என்ன? ரேடியோ, அவ்வளவுதான். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், நின்று ஒருவர் பேசினால் சுற்றியிருக்கிற எல்லா அறைக்கும் கேட்கும் அல்லவா, அப்படி உங்கள் போன் ரவுட்டரிடம் பேசுவது எட்டும் தூரத்தில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும். மற்ற கருவிகள் மரியாதைக்குக் காதைப் பொத்திக்கொள்கின்றன. காதைப் பொத்தாமல் கேட்கச் சொல்லும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

பாஸ்வேர்டு கேட்கும் வைஃபை, கேட்காத வைஃபை என்று இரண்டு உண்டு. கேட்காதது திறந்த பேச்சு. கேட்பதில், போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே பேச்சு மறைத்துப் போகும், இது நல்லதுதான். ஆனால் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சுவரில் பாஸ்வேர்டை அச்சடித்து ஒட்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பு பெரிய அளவில் குறைந்துவிடுகிறது. இப்போதும் பரவலாக இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், அந்தப் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் நீங்கள் இணைகிற நொடியில் நடக்கும் பேச்சைப் பிடித்துவிட்டால், மேற்கொண்டு வருவதையும் அவர் பிரித்துப் படிக்கலாம். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் உங்கள் லாட்ஜ் ரவுட்டர் எந்த வருஷத்தது என்று யார் போய்ப் பார்ப்பது.

இதைக் கேட்டதும் பயந்து போனை அணைக்க வேண்டாம். காற்றில் போகிற பேச்சை மறைக்கிற வேலையை இப்போது வைஃபையை நம்பி யாரும் விடுவதில்லை. பள்ளியில் குழூஉக்குறி படித்திருப்பீர்கள், பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று. வளவில் எல்லோர் காதும் திறந்திருந்தாலும், குறியில் பேசினால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. வலைத்தள முகவரியின் முன்னால் வருகிற எச்டிடிபிஎஸ் என்பது இதுதான். ஒவ்வொரு முறை நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போதும் உங்கள் பிரவுசரும் அந்தத் தளமும் புதிதாக ஒரு குழூஉக்குறியை ஏற்படுத்திக்கொண்டு பேசுகின்றன, பேசி முடிந்ததும் அந்தக் குறி செத்துவிடும். எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் மட்டும் ஒரு ரகசியத்துக்கு எப்படி உடன்பட முடியும்? முடியும் என்று 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எனக்கு இன்றைக்கும் அது கண்கட்டு வித்தை மாதிரிதான் தோன்றும்.

முன்பு இப்படி இல்லை. நான் காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த காலம், 2010 வாக்கில். அப்போது பல தளங்கள் உள்ளே நுழையும் பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு, மீதியைத் திறந்த பேச்சாகவே அனுப்பின. பிள்ளையார்பட்டிக்குப் போனால் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம். திரும்பி வரும்போது அந்த டோக்கனை நீட்டுகிறவர் யாரோ அவர் கைக்குத்தான் செருப்பு போகும், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. வலைத்தளமும் அப்படித்தான், பாஸ்வேர்டை ஒரு முறை சரிபார்த்துவிட்டு ஒரு டோக்கன் தரும், அதற்குக் குக்கி என்று பெயர். அந்த டோக்கன் காற்றில் திறந்தபடியே போய்க்கொண்டிருந்தது. 2010 அக்டோபரில் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் சேர்க்கும் ஒரு சின்ன நிரல் வெளியானது. திறந்த வைஃபையில் உட்கார்ந்து அதை ஓட்டினால் பக்கத்தில் இருப்பவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகள் வரிசையாகத் தெரியும், பெயரைத் தட்டினால் அவராகவே உள்ளே போய்விடலாம். செய்தவர் எரிக் பட்லர், இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது என்று உலகத்துக்கு உறைக்க வேண்டும் என்றுதான் வெளியிட்டார். உறைத்தது. சில மாதத்தில் ஃபேஸ்புக் முழுமையான எச்டிடிபிஎஸ் வசதியைக் கொண்டுவந்தது, 2013இல் அதையே எல்லோருக்கும் ஆக்கியது. 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதற்கு வேண்டிய சான்றிதழை (இந்த முகவரிக்கு உரிய தளம் இதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சீட்டு) இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்ததும் சின்னச் சின்னத் தளங்கள்கூட மாறிவிட்டன.

இன்று பொது வைஃபையைப் பற்றிச் சொல்லப்படுகிற பல பயங்கள் அந்த 2010இல் பிறந்தவை. பக்கத்து மேஜைக்காரர் உங்கள் வங்கிப் பாஸ்வேர்டைக் காற்றில் பிடிப்பார் என்பது இப்போது அவ்வளவு சுலபத்தில் நடக்காது. அப்படியென்றால் அவருக்கு என்னதான் தெரியும்? எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்கிற பெயர் பெரும்பாலும் தெரியும். லாட்ஜ்காரர் நினைத்தால், நீங்கள் ஒரு வங்கித் தளத்தையும் ஒரு வரன் பார்க்கும் தளத்தையும் திறந்தீர்கள் என்று கண்டுபிடிக்கலாம், யாருடைய ஜாதகத்தைப் பார்த்தீர்கள் என்பது தெரியாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அந்தத் தளம் நல்ல தளம் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள், இது தப்பு. பேச்சு மறைத்துப் போகிறது என்பது மட்டுமே அதற்கு அர்த்தம், யாரிடம் பேசுகிறீர்கள் என்பது உங்கள் பாடு. மோசடிக்காரரும் இலவசச் சான்றிதழ் வாங்கிப் பூட்டு மாட்டிக்கொள்ளலாம், மாட்டிக்கொள்கிறார். இந்தக் குழப்பத்தாலேயே 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசரில் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு படத்தை வைத்தார்கள்.

இப்போது உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம். அது வைஃபையின் பெயர். நெடுஞ்சாலையில் எங்கே போனாலும் 'செட்டிநாடு மெஸ்' என்று ஒரு போர்டு இருக்கும். டில்லியிலும் இருக்கும். உள்ளே மாஸ்டர் எந்த ஊர், மிளகாய் எங்கே அரைத்தது, கொளம்பில் என்ன போட்டார்கள் என்று நாம் சாப்பிட்டுப் பார்த்துத்தான் பெருமூச்சு விடுகிறோம், போர்டு மாட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம். வைஃபை பெயரும் அதே கதை. உங்கள் லாட்ஜின் பெயரையே, எழுத்து மாறாமல், கீழே காரில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் தன் கருவிக்கு வைக்கலாம். பாஸ்வேர்டு இல்லாத வைஃபை என்றால் உங்கள் போன் பெயரைத் தவிர வேறெதையும் பார்க்காது, எந்தச் சிக்னல் பலமாக இருக்கிறதோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஈவில் ட்வின், அதாவது பொல்லாத இரட்டை, என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஒட்டிக்கொண்டாலும் எச்டிடிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதனால் அந்த ஆள் அதை உடைக்க முயல மாட்டார், உங்களையே கேட்டு வாங்கிக்கொள்வார். வைஃபையில் சேர்ந்ததும் ஒரு பக்கம் தானாகத் திறந்து 'உள்ளே வர இதை நிரப்பு' என்று கேட்கும் பாருங்கள், அங்கேதான் விளையாட்டு. ஆஸ்திரேலியாவில் 2024இல் ஒருவர் மீது வழக்குப் போட்டார்கள். உள்நாட்டு விமானம் ஒன்றில் சந்தேகமான வைஃபை தெரிகிறது என்று விமான ஊழியர்கள் கவனித்துச் சொன்னதில் மாட்டிக்கொண்டார். கையடக்கமான ஒரு கருவியில் நம்பகமான பெயரில் வைஃபை போட்டு, சேருகிறவர்களிடம் ஈமெயிலோ சமூக ஊடகக் கணக்கோ கொடுத்து உள்ளே வரச் சொல்லும் போலிப் பக்கத்தைக் காட்டினார் என்பது போலீஸார் வைத்த குற்றச்சாட்டு. ஒரு மறையாக்கத்தையும் உடைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, ஜனங்களே தட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

நல்ல பக்கம் என்ன கேட்கும்? ரயில் நிலையங்களில் ரயில்வேயின் நிறுவனமான ரெயில்டெல் தருகிற வைஃபையை எடுத்துக்கொள்ளுங்கள், 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் ஆரம்பித்தது. மொபைல் எண் கேட்கும், ஓடிபி வரும், அதைப் போட்டால் அரை மணி நேரம் இலவசம். ஹோட்டல் என்றால் அறை எண்ணும் பெயரும் கேட்கலாம். அவ்வளவுதான் நியாயம். ஜிமெயில் பாஸ்வேர்டு எதற்கு? இலவச வைஃபைக்கு யூபிஐ பின் எதற்கு? ஒரு ஆப்பை இறக்கு, ஒரு சான்றிதழைப் போனில் நிறுவு என்று கேட்டால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள், நெட்டே வேண்டாம். அதிலும் சான்றிதழ் ரொம்ப மோசம். அதை நிறுவச் சம்மதித்துவிட்டால், போலியான பக்கத்தையும் உங்கள் பிரவுசர் அசல் என்று நம்பி விடலாம், நான் மேலே பெருமையாகச் சொன்ன குழூஉக்குறியெல்லாம் அப்புறம் சும்மா. ஓடிபி வந்தாலும் அந்தக் குறுஞ்செய்தியை முழுசாகப் படியுங்கள். வைஃபைக்கு என்று போட்டிருக்கிறதா, இல்லை உங்கள் வங்கியோ வாட்ஸ்அப்போ அனுப்பிய ஓடிபியா என்று பார்க்காமல் ஆறு இலக்கத்தையும் தட்டிவிடுகிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் இருந்தது.

ஆகவே லாட்ஜில் இறங்கியதும் மேஜையில் இருக்கிற தம்பியிடம் "உங்க வைஃபை பேரு என்னப்பா?" என்று வாயைத் திறந்து கேளுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தால், ஒன்றுக்குப் பூட்டு இருந்து மற்றது திறந்திருந்தால், திறந்ததைத் தொடாதீர்கள்.

'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் சிவப்பில் கத்தும் எச்சரிக்கை இன்னொரு கட்டம். வீட்டில் இருக்கும்போது இது வந்தால், போனில் தேதி தப்பாக இருக்கலாம், அந்தத் தளத்துக்காரர் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம். பொது வைஃபையில் வந்தால் நடுவில் யாரோ நிற்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல நேரம் அந்த 'யாரோ' லாட்ஜின் நுழைவுப் பக்கமாகத்தான் இருக்கும், நீங்கள் இன்னும் அதில் பதியாததால் குறுக்கே நிற்கும். எதுவானாலும் 'பரவாயில்லை, தொடர்' என்ற பொத்தானை மட்டும் அமுக்காதீர்கள்.

இனி ஆச்சி கேட்ட கேள்வி. வங்கியின் சொந்த ஆப் வழியாகப் போனால் லாட்ஜ் வைஃபையிலும் பார்க்கலாம், அந்த ஆப்கள் எதிரே இருப்பது உண்மையான வங்கிதானா என்று தாங்களே சரிபார்த்துக்கொள்கின்றன. யூபிஐ ஆப் உங்கள் போனோடும் சிம்மோடும் கட்டுப்பட்டிருக்கிறது, பின் நம்பரும் மறைத்துத்தான் போகிறது. கூகுளில் வங்கிப் பெயரைத் தேடி முதலில் வருகிற இணைப்பைத் தொட்டு உள்ளே போகிற பழக்கம்தான் ஆபத்து, அது வீட்டு நெட்டிலும் ஆபத்து. இருந்தாலும் பணம் அனுப்புகிற இரண்டு நிமிஷத்துக்கு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்வதில் நமக்கு என்ன நஷ்டம்? இரண்டு ரூபாய்கூட ஆகாது. ஆச்சிக்கு ரோமிங்கில் கொஞ்சம் கூட ஆகும், அதனால் மருமகனின் ஹாட்ஸ்பாட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

விபிஎன் போட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். லாட்ஜ்காரரின் கண்ணில் படாமல் எல்லாவற்றையும் ஒரு குழாய்க்குள் விட்டு விபிஎன்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. லாட்ஜ்காரரை நம்பாமல் விபிஎன்காரரை நம்புகிறீர்கள், வேறொன்றுமில்லை. இலவசம் என்றால் இன்னும் யோசியுங்கள். ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ என்ற இலவச விபிஎன், போனில் யார் எந்த ஆப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்கத்தான் உதவியது, 2018இல் ஆப்பிள் கடையிலிருந்து அதை எடுக்க வேண்டி வந்தது. இந்தியாவில் விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவும் போட்டது. அலுவலகம் கொடுத்த விபிஎன் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். அது இல்லாதவர் பயந்துபோய் ஏதோ ஒன்றை இறக்கிக்கொள்வதைவிட ஒன்றுமே போடாமல் இருப்பது மேல் என்பது என் கட்சி.

இதுவரை திண்ணையில் உட்கார வந்தவருக்குச் சொன்னேன், திண்ணை வைத்திருப்பவருக்கும் கொஞ்சம். நம் ஊரில் கல்யாணம், அறுபது, முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் வீடு நிறைய ஆள் வந்து, முதல் கேள்வியே 'வைஃபை பாஸ்வேர்டு என்ன?' என்பதாக இருக்கிறது. அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் வழிப்போக்கருக்குத் திண்ணையைக் கொடுத்தார்கள், விருந்தாளியைப் பட்டாலை வரை விட்டார்கள், வளவைச் சுற்றிய அறைகளுக்கு மட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், தனிச் சாவி வைத்தார்கள். ரவுட்டரிலும் இதே ஏற்பாடு உண்டு, கெஸ்ட் நெட்வொர்க் என்று இருக்கும், அதில் சேருகிறவருக்கு நெட் மட்டும் கிடைக்கும், வீட்டில் உள்ள மற்ற கருவிகள் தெரியாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் எல்லாம் இப்போது கேமரா மாட்டி, சென்னையிலும் மலேசியாவிலும் இருந்து பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கேமராப் பெட்டி அதே வைஃபையில்தான் இருக்கும், அதன் பாஸ்வேர்டு மாட்டிக் கொடுத்தவர் போட்ட 'அட்மின், 12345'ஆகவே இருக்கும். ஒரு வீட்டில் நானே அப்படி உள்ளே போய்க் காட்டினேன், செட்டியார் என்னையே சந்தேகமாகப் பார்த்தார்.

பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைக்கும் தாராளமும் வேண்டாம். 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டு வெடிப்பதற்குச் சற்று முன் செய்தி நிறுவனங்களுக்குப் போன மிரட்டல் ஈமெயிலைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் ஒரு அமெரிக்கரின் வீட்டு வைஃபையில் போய் நின்றது. அனுப்பியவர் அவர் அல்ல, அவருடைய இணைப்பை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணை என்னவோ அவரிடம்தான் நடந்தது.

தப்பித் தவறி ஏதாவது போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டால், முதலில் அந்த வைஃபையை விட்டு வெளியே வாருங்கள். மொபைல் டேட்டாவில் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அமுக்குங்கள். செருப்பு டோக்கன் நினைவிருக்கிறதா, யார் கையிலாவது அது இருந்தால் அப்போதுதான் செல்லாமல் போகும். பணம் போயிருந்தால் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கை மாறுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு. மச்சானிடம் சொல்லி, மாமாவிடம் கேட்டு, மறுநாள் வங்கிக்குப் போய் வரிசையில் நிற்பதற்குள் அது ஏழு கடல் தாண்டியிருக்கும்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. போனில் வைஃபை அமைப்புக்குள் போய், சேமித்து வைத்த பெயர்களைப் பாருங்கள். பாஸ்வேர்டு இல்லாத பெயர் ஒன்று அதில் இருந்தால், அதே பெயரில் எங்கே யார் கடை விரித்தாலும் உங்கள் போன் கேட்காமலே போய்ச் சேர்ந்துகொள்ளும். லாட்ஜ், விமான நிலையம், காப்பிக் கடை எல்லாவற்றையும் மறக்கச் சொல்லிவிடுங்கள், தானாக இணைவதையும் நிறுத்திவிடுங்கள். கல்யாணம் முடிந்து மறுநாள் ஆச்சியின் போனை வாங்கிப் பார்த்தேன், நாற்பதுக்குக் குறையாமல் இருந்தன, அதில் பாதி எந்த ஊர் என்று அவருக்கே ஞாபகமில்லை. ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். நடுவில் கையைப் பிடித்து, "அதை மட்டும் விட்டுரு தம்பி, அது மகன் வீடு" என்றார்.